ஏழு நாள் அடுப்பு மூட்டவில்லை!

முதலில் உங்களை ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் தோசை வார்க்கிற நாளில், உங்கள் தட்டில் எந்தத் தோசை விழுகிறது?

சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். கல் சரியாகக் காயாமல் ஒட்டிக்கொண்டு நாலாகப் பிய்ந்து வருகிறதே, அந்த முதல் தோசை ஒன்று. பாத்திரத்தைத் தண்ணீர் விட்டு அலசி ஊற்றுகிறோமே, அந்தக் கடைசித் தோசை ஒன்று. நடுவில் வட்டமாக, பொன்னிறமாக, மொறுமொறுவென்று வந்தவை எல்லாம் கூடத்துக்குப் போய்விடும். அதில் நமக்கு வருத்தமும் கிடையாது. வருத்தப்பட நேரம் ஏது? அடுத்த கரண்டி மாவு காத்துக்கொண்டிருக்கிறதே!

என் அக்கா கும்பகோணத்தில் நாற்பத்தைந்து வருஷம் இப்படித் தோசை வார்த்தவள். மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தனார்கள், மூன்று குழந்தைகள், வருகிற போகிற விருந்தாளிகள் என்று கலகலத்த வீடு அது. அத்தான் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான்.

"இன்றைக்கு என்னக்கா சமையல்?" என்று போனில் கேட்டால், "ஒருத்திக்கு என்னடி சமையல்? மோர் சாதம் இருக்கு, ஊறுகாய் இருக்கு" என்பாள். போன மார்கழியில் நேரில் போய்ப் பார்த்தவள் திடுக்கிட்டுப் போனேன். கையில் கிடந்த ஒற்றை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் காட்டினோம். "வியாதி ஒன்றும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்றார். சொன்னால் கேட்கிறவளா அவள்!

அப்போதுதான் பெங்களூரிலிருந்து என் பிள்ளை பேசினான். அவன் வீட்டுச் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். ஒரு வாரம் அடுப்பே மூட்ட முடியாதாம். "இப்போது வராதே அம்மா, எல்லா வேளையும் ஹோட்டல்தான்" என்றான்.

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது. அக்காவை எந்த வீட்டுக்கு அழைத்துப் போனாலும் முதல் நாளே சமையலறையைக் கைப்பற்றிவிடுவாள். எல்லோருக்கும் வகை வகையாகச் செய்து போட்டுவிட்டு, கடைசியில் மோர் சாதம் சாப்பிடுவாள். சமையலறையே இல்லாத வீடு என்றால்? சதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். "லால்பாக்கில் புஷ்பக் கண்காட்சி, பார்த்துவிட்டு வரலாம் வா" என்று மட்டும் சொல்லி, பொங்கல் கழிந்த மறு வாரம் அவளைக் கிளப்பிவிட்டேன்.

நின்றுகொண்டு சாப்பிடுவதா?

சென்னையிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் போனோம். 1964ல் ஓடத் தொடங்கிய பழைய வண்டி. காலையில் ஏறினால் மத்தியானம் பெங்களூர். அக்கா எனக்காகப் புளியோதரையும் மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தனக்கு? அதே மோர் சாதம்!

ஜயநகரில் பிள்ளையின் வீட்டுக்குள் நுழைந்தோம். சமையலறை இருந்த இடத்தில் செங்கல்லும் சிமெண்டும் குவிந்து கிடந்தன. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தை மிகவும் அக்கறையாகப் பார்த்தேன்.

அன்று இரவு பக்கத்திலிருந்த தர்சினிக்குப் போனோம். தர்சினி என்பது 1980களில் பெங்களூரில் பரவிய ஒரு வகைச் சிற்றுண்டிச்சாலை. காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும், நாமே போய்த் தட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், உயரமான மேஜைமேல் வைத்து நின்றபடி சாப்பிட வேண்டும். பரிமாறுகிறவர் இல்லாததால் விலை குறைவு, வேலையும் சுருக்கு.

"நின்னுக்கிட்டா சாப்பிடுறது? நல்லாயிருக்கு!" என்றாள் அக்கா. சாம்பாரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தவள், "ஏண்டி, இதிலே வெல்லம் போட்டிருக்கான்!" என்று அதிர்ந்து போனாள். கன்னட நாட்டுச் சாம்பாரில் ஒரு துளி வெல்லம் சேர்ப்பது வழக்கந்தான். ஆனால் கும்பகோணத்துக்காரியிடம் அதைச் சொல்லி ஜெயிக்க முடியுமா? அன்று ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிட்டாள். என் சதி முதல் நாளே தோற்றது.

யுத்தம் தந்த இட்லி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லால்பாக் ரோடிலிருக்கும் மாவள்ளி டிபன் ரூம்ஸுக்குப் போனோம். எம்.டி.ஆர். என்றால் உங்களுக்குப் பொட்டலப் பொடிகள்தான் ஞாபகம் வரும். தாய்வீடு இந்த ஹோட்டல்தான். 1924ல் யக்ஞநாராயண மையாவும் அவர் சகோதரர்களும் தொடங்கியது. வாசலில் கல்யாண வீடு போலக் கூட்டம். பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, கூப்பிட்டதும் உள்ளே போனோம்.

ரவா இட்லி வந்தது. பக்கத்தில் உருளைக்கிழங்கு சாகு, பச்சைச் சட்னி, சின்னக் கிண்ணத்தில் உருக்கிய நெய். அக்கா இட்லியைப் புரட்டிப் பார்த்தாள், பிட்டு மோந்து பார்த்தாள், பிறகு வாயில் போட்டுக்கொண்டாள்.

"உளுந்தே இல்லைடி. ரவையை நெய்யிலே வறுத்திருக்கான். புளிச்ச தயிர். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி. சோடா உப்பு ஒரு சிட்டிகை" என்று பட்டியல் போட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சாப்பாட்டில் பற்று விட்டவள் இவ்வளவு கவனிப்பாளா?

இந்த இட்லி பிறந்த கதையைச் சொன்னேன். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்த அரிசி நின்று போய் நாடெங்கும் பஞ்சம். அரிசி இல்லாமல் இட்லி எப்படி? ரவையை வைத்துச் செய்து பார்த்தார்களாம் இந்த ஹோட்டலில். அன்று கைக்கு வந்த உபாயம், இன்று ஊரே கொண்டாடும் பண்டமாகிவிட்டது.

இன்னொரு கதையும் உண்டு. 1975ல் நெருக்கடி நிலை வந்தபோது, ஹோட்டல் பண்டங்களின் விலையைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. நெய்யைக் குறைக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. அதே தரத்தில் கொடுத்துவிட்டு, அன்றன்றைய நஷ்டத்தை வாசலில் எழுதிப் போட்டார்கள். கடைசியில் ஹோட்டலையே மூடினார்கள். வேலை செய்தவர்களுக்கு வழி வேண்டுமே என்று பொடி, மாவுக் கலவை வியாபாரத்தில் முனைந்தார்கள். 1984ல்தான் ஹோட்டல் மறுபடி திறந்தது.

"நல்ல பொம்பிளை மாதிரி இருக்காங்களே! வீட்டிலே கஷ்டம்னாலும் பரிமாறுறதிலே குறை வைக்கலை" என்றாள் அக்கா. முழு இட்லியையும் சாப்பிட்டுவிட்டாள். இரண்டாவது வேண்டாம் என்றாள். இருக்கட்டும், ஒன்று சாப்பிட்டாளே!

பூவும் அரைக் காப்பியும்

திங்கட்கிழமை லால்பாக். ஹைதர் அலி 1760ல் போட்ட தோட்டம். 1889ல் எழுப்பிய கண்ணாடி மாளிகைக்குள்ளே குடியரசு தினத்தை ஒட்டிப் புஷ்பக் கண்காட்சி. அதைவிட அக்காவைக் கவர்ந்தது அங்கேயிருக்கும் மொட்டைப் பாறைதான். வயது ஏறக்குறைய முந்நூறு கோடி வருஷம் என்று படித்தோம். "நமக்கு ஒண்ணும் வயசாயிடலைடி!" என்று சொல்லி, அதன்மேல் விறுவிறுவென்று ஏறினாள்.

திரும்பும்போது ஒரு சின்னக் கடையில் "பை டூ காப்பி" கேட்டான் என் பிள்ளை. ஒரு காப்பியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாகத் தருவது பெங்களூர்ச் சம்பிரதாயம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தை மாதக் குளிரில், நுரை ததும்பும் அந்த அரை டம்ளர் நான்கே வாய்தான். "போதாம இருக்கிறதாலேதான் இவ்வளவு ருசி" என்றாள் அக்கா. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு நாளைக்கு மூன்று பை டூ!

முதல் தோசை

செவ்வாய்க்கிழமை காலை, காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன். 1943ல் சுற்றுவட்டாரத்து மாணவர்களுக்காகத் தொடங்கிய இடம். பெயரிலேயே அது இருக்கிறது. சுவரெல்லாம் கன்னட எழுத்தாளர்களின் படங்கள். மருமகளும் அன்று ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்திருந்தாள்.

வேஷ்டி கட்டிய பரிமாறுகிறவர் சமையற்கட்டிலிருந்து வெளிப்பட்டார். ஒரே கையில், விரல் நுனியிலிருந்து தோள் வரை, தட்டுமேல் தட்டாகப் பத்துப் பன்னிரண்டு தோசைகள்! சர்க்கஸில்கூட அப்படிப் பார்த்ததில்லை. எங்கள் மேஜைக்கு வந்து, அடுக்கிலிருந்து முதல் தட்டை எடுத்து அக்காவுக்கு முன்னால் வைத்தார்.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? யோசிக்கவே இல்லை. தட்டை அப்படியே என் பிள்ளை பக்கம் நகர்த்திவிட்டாள். நாற்பத்தைந்து வருஷத்துக் கை அல்லவா? அதற்கு வேறு வழி தெரியாது.

பரிமாறுகிறவர் அதைக் கண்டார். தட்டை மறுபடி அவள் முன்னாலேயே இழுத்து வைத்து, "நீவு தின்னி அம்மா, அவரிகூ பருத்தே" என்றார். நீங்கள் சாப்பிடுங்கள் அம்மா, அவருக்கும் வரும் என்று அர்த்தம். அடுத்த மூச்சில் எல்லோருக்கும் தட்டு வந்துவிட்டது. பின்னாலேயே வாளியில் சட்னி. இங்கே தோசைக்குச் சாம்பார் கிடையாது.

அக்கா அந்தத் தோசையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நம் ஊர்த் தோசை போல மெல்லிசு இல்லை. கனமாக, மேலே கருஞ்சிவப்பாக மொறுமொறுத்து, உள்ளே பஞ்சு போல இருந்தது. நெய் மினுமினுத்தது. ஒரு விள்ளல் பிட்டாள். அதிலிருந்து ஆவி வந்தது.

"சுடுதுடி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ஏனோ தொண்டையை அடைத்துக்கொண்டது. நான் மெனு அட்டையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அது கன்னடத்தில் இருந்தது! மருமகள் மட்டும் நேராக அக்காவைப் பார்த்து, "பெரியம்மா, இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றாள். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

தனியாக வந்த பெண்

புதன்கிழமை மெட்ரோ ரயிலில் மெஜஸ்டிக் போய், வண்டி மாறி, சர்ச் ஸ்டிரீட்டிலுள்ள இந்தியா காபி ஹவுஸுக்குப் போனோம். முன்பு எம்.ஜி. ரோடில் இருந்தது, 2009ல் இங்கே இடம் மாறியது. 1957ல் காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடியபோது, வேலை இழந்த ஊழியர்கள் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். அவற்றில் முதல் சங்கம் பதிவானது இந்தப் பெங்களூரில்தான். வெள்ளைச் சீருடையும் தலைப்பாகையுமாக அவர்கள் வந்து ஆர்டர் கேட்கிற தோரணை, ஏதோ சமஸ்தானத்து விருந்துக்குப் போன மாதிரி!

எங்களுக்கு எதிர் மேஜையில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தனியாக வந்திருந்தாள். ஆம்லெட், ரொட்டி, காப்பி வரவழைத்தாள். ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை.

"யாருக்காகக் காத்திருக்கா அவ?" என்று கேட்டாள் அக்கா.

"யாருக்காகவும் இல்லை. சாப்பிட வந்திருக்கா."

"ஒருத்தியாவா?"

"ஒருத்தியாத்தான்."

அக்கா பிறகு ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்தப் பெண் பில்லைக் கொடுத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு எழுந்து போகிற வரையில் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு சறுக்கலும் ஒரு வீதியும்

எல்லா நாளும் தேனாக இருந்தது என்று எழுதினால் நம்புவீர்களா? வியாழக்கிழமை மத்தியானம், மின்னுகிற விளக்குகளைப் பார்த்து மயங்கி, ஒரு பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்தோம். பெயர் வேண்டாம். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சாதம் ஆறிப் போய் வந்தது. குளிர்சாதன அறையில் நாங்களும் ஆறிப் போனோம். பில் மட்டும் சூடாக இருந்தது! "இந்த ரசத்துக்கு என்னை உள்ளே விட்டிருந்தா பத்து நிமிஷத்திலே சரி பண்ணியிருப்பேன்" என்று அக்கா கொதித்தாள். அவள் கோபம் எனக்குப் பாயசம் போல இருந்தது. ருசி தெரிகிறவளுக்குத்தானே கோபம் வரும்?

அந்தக் குறையைச் சாயங்காலம் தீர்த்துக்கொண்டோம். விசுவேசுவரபுரத்தில் சஜ்ஜன் ராவ் சர்க்கிள் பக்கத்தில் தின்பண்ட வீதி ஒன்று இருக்கிறது. தை மாதம் அவரைக்காய்ப் பருவம். ஊறவைத்த அவரைக் கொட்டையைத் தோலைப் பிதுக்கி எடுத்து, தோசையில் பதிக்கிறார்கள், உப்புமாவில் சேர்க்கிறார்கள், எண்ணெயில் பொரிக்கிறார்கள். வேலூர், தர்மபுரிப் பக்கத்து வாசகிகளுக்கு நம் பிதுக்குப் பருப்பு நினைவுக்கு வரும். எங்களுக்கு அது புதுசு. கல்லிலிருந்து நேராகக் கைக்கு வந்த சூடான ஒப்பட்டு, அதாவது நம் போளி, ஆளுக்கு ஒன்று. 1953லிருந்து இருக்கும் வி.பி. பேக்கரியில் காரம் தடவிய "காங்கிரஸ் கடலை" ஒரு பொட்டலம். வீடு திரும்புவதற்குள் அந்தப் பொட்டலம் காலி. யார் காலி செய்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அவள் இதைப் படிப்பாள்.

"இன்னொரு இட்லி!"

வெள்ளிக்கிழமை. ஊர் திரும்புவதற்கு முதல் நாள். காலையில் சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார் போனோம். 1965ல் தொடங்கிய சின்னஞ்சிறு கடை. இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காப்பி... பட்டியல் அநேகமாக அதோடு சரி. சாம்பார் கிடையாது. தேங்காய்ச் சட்னி மட்டும், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். உட்கார இடமும் இல்லை. தட்டை ஏந்திக்கொண்டு தெருவோரம் நிற்க வேண்டியதுதான்.

எனக்குக் கொஞ்சம் பயம். முதல் நாள் தர்சினி ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் அக்காவைக் காணோம்! எங்கே என்று தேடினால், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "இன்னொரு இட்லி!" என்று தமிழில் கேட்கிறாள். அந்தக் கடைக்காரருக்கு அது நன்றாகப் புரிந்தது.

நின்றபடியே சாப்பிட்டாள். சட்னியை இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். "வெல்லம் கிடையாது, பிழைச்சேன்!" என்றாள்.

சனிக்கிழமை நாங்கள் புறப்படுகிறபோது புதுச் சமையலறை தயாராகிவிட்டது. மருமகள் பால் காய்ச்சி ஆளுக்கொரு வாய் கொடுத்தாள். "ஒரு நாள் இருந்து சமைச்சுப் போட்டுட்டுப் போகட்டுமா?" என்று அக்கா கேட்பாள், நான் தடுக்க வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை. புது அடுப்பைத் தடவிப் பார்த்து, "முதல் தோசையை நீ சாப்பிடு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

அவளைக் கும்பகோணம் அனுப்பிவிட்டு, எனக்கு உள்ளூரக் கவலைதான். ஒரு வார உற்சாகம் எத்தனை நாளைக்கு நிற்கும்? மறுபடி அந்தப் பெரிய வீடு, அந்த மோர் சாதம்...

பத்து நாள் கழித்து ஒரு காலையில் போன் செய்தேன். அடுப்பில் ஏதோ ஆவி கக்குகிற சத்தம் கேட்டது.

"என்னக்கா செய்யறே?"

"ரவா இட்லிடி. முந்திரியெல்லாம் போட்டு."

"ரவா இட்லியா! யார் வந்திருக்கா வீட்டுக்கு?"

"ஏன்? நான் இருக்கேனே!" என்றாள் அக்கா. "போனை வை. ஆறிடும்."